2025 ஆண்டறிக்கை: செயலாளர் எழுதுவது

அன்புள்ள உறுப்பினர்களுக்கும், உறுப்பினர் ஆகலாமா என்று வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழுவுக்கு முன்னால் செயலாளர் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும் என்று டெக்சாஸ் கடற்கரையோரம் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் விதி சொல்கிறது. போன வருட அறிக்கையை யாரும் படிக்கவில்லை என்பது கூட்டத்தில் வந்த கேள்விகளிலேயே தெரிந்துவிட்டது, அதில் எழுதியிருந்ததையே எழுந்து நின்று கேட்டார்கள். அதனால் இந்த முறை வழக்கமான சங்கதிகளை முதலில் மடமடவென்று சொல்லி முடித்துவிடுகிறேன். அப்புறம் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

சித்திரைத் திருநாள் விக்டோரியாவில் நடந்தது. குறள் ஒப்பித்தல் போட்டி நடந்தது, பரிசு விவரம் ஏற்கெனவே அனுப்பியாயிற்று. தமிழ் வகுப்பு ஞாயிறுதோறும் நடக்கிறது, ஆசிரியைகள் ஒரு காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள், பெற்றோர் நேரத்துக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அதுவே பெரிய சம்பளம் என்று அவர்கள் சொல்லச் சொன்னார்கள். கோடையில் மட்டகோர்டா கடற்கரைக்குப் போனோம், கொசு. நம் மருத்துவர்கள் ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். ஜூலை 4ஆம் தேதி விடியற்காலையில் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு பெருகி அத்தனை உயிர்களைக் கொண்டுபோனது. அதே ஆறுதான் கீழே இறங்கி விக்டோரியா வழியாகக் கடலுக்குப் போகிறது, ஆகவே நமக்கு அது எங்கோ நடந்த செய்தியாகப் படவில்லை. பணமும் பொருளும் யாரும் கேட்காமலே சேர்ந்தன, கொடுத்த எல்லாரையும் கும்பிடுகிறேன். தீபாவளிக்கு மண்டபம் நிறைந்தது. தீபாவளிக்கு எப்போதும் நிறையும்.

செப்டம்பர் கடைசியில் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலரை அழைத்து ஸ்க்ரூவொர்ம் புழுவைப் பற்றிப் பேசச் சொன்னோம். இந்தப் புழுவின் தாய் ஈ ஒரு சின்னக் காயத்தில் முட்டையிட்டால் போதும், வருகிற புழு செத்த சதையை விட்டுவிட்டு உயிருள்ள சதையைத் தின்னும். புதிதாகப் பிறந்த கன்றின் தொப்புளே அதற்குப் போதும். மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு 1966வாக்கில் இந்த நாட்டை விட்டே விரட்டிய பூச்சி மெக்சிகோ வழியாகத் திரும்ப ஏறி வந்துகொண்டிருந்தது. நம் கூட்டம் நடந்த அந்த மாதம்தான் எல்லைக்கு எழுபது மைலுக்குள் ஒரு மாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தீர்கள். "எங்களிடம் மாடு இல்லையே" என்றார் ஒருவர். நாய் இருக்கிறதல்லவா? அதற்கும் வரும். மனிதருக்கும் வரும்.

சரி. இனி ஜனவரி 18, 19இல் பக்கத்துப் பண்ணையில் நாம் வைத்த மாட்டுப் பொங்கல் பற்றி.

அந்த சனி ஞாயிறைப் பற்றி வருடம் முழுக்க வாட்ஸாப்பில் ஒன்றும், தேநீர் குடிக்கும்போது வேறொன்றுமாகப் பேசப்பட்டது. "செயலாளருக்கு மாட்டுப் பைத்தியம்" என்பது என் காதுக்கும் வந்தது. செயற்குழுவில் இது ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் என்பதையும், எதிர்த்துப் பேசியதாகப் பிறகு சொன்னவர்கள் அன்று கூட்டத்துக்கே வரவில்லை என்பதையும் முதலில் பதிவு செய்கிறேன்.

நாம் இருக்கும் இடம் எது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வார்ட்டன், மட்டகோர்டா, விக்டோரியா என்று பரந்து கிடக்கிற இந்தப் பக்கத்துக்குச் சிலர் பே சிட்டி அணுமின் நிலைய வேலைக்கு வந்தோம், சிலர் பாயிண்ட் கம்ஃபர்ட் ஆலைக்கு, சிலர் மருத்துவமனைகளுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனதும் 59ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஹூஸ்டனுக்குப் போய்விடுகிறோம். பியர்லாண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகட்டும், நானும் போகிறேன். மளிகை வாங்கப் போகட்டும். ஆனால் பொங்கலையும் ஹூஸ்டன் புறநகரில் ஏதோ ஒரு பள்ளிக்கூட உணவறையில், மைக்ரோவேவில் சுடவைத்த சர்க்கரைப் பொங்கலோடு கொண்டாடிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் திமிலும் அலைதாடியுமாக மாடு மேய்கிற ஊருக்குத் திரும்பி வருவது எனக்குப் பல வருடமாக உறுத்திக்கொண்டே இருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு இந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான கவுண்டி எது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த பண்ணைக்காரரிடம் அக்டோபரிலேயே கேட்டேன். பிராமன் இன மாடு வளர்ப்பது அவர்கள் குடும்பத்துக்குத் தலைமுறைத் தொழில். கேட்டதும் சிரித்தார், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரியில் அந்த வாரம் எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சாப்பாட்டுப் பொட்டல விற்பனை இருக்கிறது, அதற்கு ஆள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மேய்ச்சல் நிலத்தை விட்டுத் தருகிறேன் என்றார். நியாயமான பேரம். அந்த வாரமே நம் சாலை சுத்தப்படுத்தும் முறையும் வந்து சேர்ந்தது. மூன்றையும் ஒரே சனி ஞாயிறில் போட்டது அதிகம் என்று சொன்னவர்களுக்கு என் பதில்: தனித்தனியாகப் போட்டபோது மட்டும் வந்தீர்களா?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாலை. 1985இல் இதே டெக்சாஸில் டைலர் நகரப் பக்கம் தொடங்கி நாடெங்கும் பரவிய திட்டம் அது. இரண்டு மைல் தூரத்தை ஓர் அமைப்பு தத்தெடுத்துக்கொண்டால் நெடுஞ்சாலைத் துறை அதன் பெயரைப் போட்டுப் பலகை நடும், பதிலுக்கு வருடத்தில் சில தடவை குப்பை பொறுக்க வேண்டும். தமிழர் பெயர் டெக்சாஸ் சாலையில் என்று பலகை நட்ட அன்று படம் எடுத்துப் போட்டவர்கள் அத்தனை பேர். பொறுக்க வந்தவர்கள் ஒரு வேனில் அடங்கினோம். பீர் டப்பா, லாரி டயர் நார், வைக்கோல் கட்டு சுற்றுகிற வலை, ஒரு முழு மெத்தை. தொடர்ந்து பொறுக்காமல் விட்டால் பலகையைப் பிடுங்கிவிடுவார்கள். அதையும் படம் எடுத்துப் போடுவோமா தெரியவில்லை.

அங்கிருந்து நேராகத் தீயணைப்பு நிலையம். நகரத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது புரிவதில்லை: இந்தப் பக்கத்தில் புல் தீப்பிடித்தாலும், 59இல் கார் கவிழ்ந்தாலும் வருகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பண்ணைக்காரர், மெக்கானிக், பள்ளி ஆசிரியர் என்று அவரவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வருகிறார்கள். குழாய்க்கும் வண்டி டயருக்கும் காசு இப்படிச் சாப்பாடு விற்றுத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளி இரவே ஓக் விறகில் பிரிஸ்கெட்டைப் புகையில் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாட்டின் நெஞ்சுக்கறி, சாசேஜ், பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், இரண்டு துண்டு ரொட்டி, இவ்வளவும் ஒரு பொட்டலம். மாட்டிறைச்சி விற்கிற இடத்தில் சங்கம் நிற்கலாமா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். கேட்டதில் தவறில்லை. கறிப்பக்கம் போக விரும்பாதவர்கள் பீன்ஸ் பக்கமும் எலுமிச்சைச் சாறு பக்கமும் நிற்கலாம் என்று அப்போதே சொல்லியிருந்தேன், அப்படியேதான் நின்றார்கள். இங்கே பீன்ஸில் பன்றிக்கொழுப்பு போடுவது வழக்கம், அது இல்லாமல் தனியாக ஒரு பானை வேகவைத்து வரமிளகாயும் சீரகமும் தாளித்துக் கொட்டினார்கள் நம் பெண்கள். முதலில் காலியானது அந்தப் பானைதான். அடுத்த விற்பனைக்கு அதையே இரண்டு பானை செய்யச் சொல்லிப் படைத் தலைவர் கேட்டிருக்கிறார், யார் செய்வது என்பதற்கு இதுவரை குழுவில் பதில் வரவில்லை.

அன்று மத்தியானம் வந்திருக்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படம் எல்லாரும் பார்த்தோம். ஹூஸ்டனில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அங்கே முன்வரிசையில். கச்சேரிக்குப் போவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வரவில்லை என்று முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கெஞ்சிக் கூப்பிட்டுப் பொட்டலம் கட்ட வைத்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் கிடாரியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஃபோர் எச் என்கிற பிள்ளைகள் அமைப்பில் சேர்ந்து, பக்கத்துப் பண்ணையிலேயே ஒரு சாம்பல்நிறக் கிடாரியை விட்டு வளர்க்கிறாள், இளைஞர் கண்காட்சிக்காக. தினமும் பள்ளி விட்டதும் கயிறு போட்டு நடத்துவது, சோப்பு போட்டுக் கழுவி ஊதுகாற்றில் உலர்த்துவது, குச்சியால் காலைத் தட்டி நான்கு காலும் சரியாக நிற்கப் பழக்குவது. முதலில் இளங்காளையை வளர்ப்பதாகத்தான் இருந்தது. கண்காட்சி முடிந்ததும் அது ஏலத்துக்குப் போகும், அப்புறம் எங்கே போகும் என்று தெரிந்ததும் அந்த அம்மா மகளை உட்காரவைத்துப் பேசிக் கிடாரிக்கு மாற்றிவிட்டார், கிடாரி என்றால் வீட்டோடு நிற்கும். கவுண்டி முழுக்க இந்தப் பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது, நமக்கு மட்டும் புதிதல்ல. அந்தக் கிடாரிதான் மறுநாள் நம் விழாவின் கதாநாயகி, ஏனென்றால் மாலை போட நின்று காட்டக்கூடிய மாடு அங்கே மூன்றே மூன்று.

ஞாயிறு காலை வடக்குக் காற்று பிடித்துக்கொண்டது. நல்ல குளிர். பொங்கல் வைக்க விறகு மூட்டிப் பார்த்தோம், காற்றில் நிற்கவில்லை. பண்ணைக்காரர் வீட்டில் கிராஃபிஷ் அவிக்கிற புரொப்பேன் அடுப்பு மூன்று இருந்தது, அதைக் கொண்டுவந்து பிக்கப்பின் மறைவில் வைத்தோம். பானை நம் ஊர் வெண்கலப் பானை, அரிசி வார்ட்டன் கவுண்டி அரிசி. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நெல் விளைகிறது என்பதே தெரியாமல் நம்மில் பலர் ஹூஸ்டனில் போய் மூட்டை தூக்கி வருகிறோம். இந்த வயல்களுக்குத் தண்ணீர் கொலராடோ ஆற்றில் இருந்து வருகிறது, அணையெல்லாம் மேலே ஆஸ்டின் பக்கம். மழை பொய்த்தால் கீழே இருக்கிற நெல்லுக்குத்தான் முதலில் அடைப்பார்கள், 2012இல் முதல்முறையாக அப்படி அடைத்தார்கள், அதற்குப் பிறகு இங்கே விவசாயிகள் மேலே ஏரி மட்டத்தைப் பார்க்கிற பார்வை, மேட்டூர் நீர்மட்டத்தைத் தஞ்சாவூர்க்காரர் பார்க்கிற பார்வைதான். கரும்பு மட்டும் உள்ளூரில் கிடைக்கவில்லை. டெக்சாஸின் கடைசிச் சர்க்கரை ஆலை ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் இருந்தது, அதுவும் தண்ணீர் இல்லாமல் 2024இல் மூடிவிட்டது. கரும்புக்கு மட்டும் ஹூஸ்டன் போனோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பானை பொங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள், பிள்ளைகள் தட்டைத் தட்டினார்கள். மாலை போடக் கட்டியிருந்த மூன்றைத் தவிர மொத்த மந்தையும் வாலைத் தூக்கிக்கொண்டு மேய்ச்சல் நிலத்தின் அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே பிக்கப்பில் ஏறி ஹாரனை அடித்தார். அத்தனையும் திரும்ப ஓடி வந்தன. ஹாரன் என்றால் தீவனக் கட்டி வருகிறது என்று அவற்றுக்குப் பழக்கம். பொங்கலை மட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுக்க அவர் விடவில்லை. அரிசியும் வெல்லமும் மொத்தமாக உள்ளே போனால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும், அது நமக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். மாலையை அவை தாங்களே தின்று தீர்த்தன.

நம் உறுப்பினர் ஒருவரின் அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்தார். இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருந்து சலித்துப் போனவர். நேராகப் போய்க் கட்டியிருந்த பசுவின் வாயைத் திறந்து பல் பார்த்தார், அப்புறம் முதுகில், நெற்றியில் சுழி பார்த்தார். பண்ணைக்காரர் தொப்பியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். இவர் இரண்டு விரல் காட்ட, அவர் தலையாட்டி, அடுத்த மாட்டுக்குப் போய் அவர் நாலு விரல் காட்ட, இப்படியே இரண்டு பேரும் மந்தையில் பாதியை வயசு கணக்கிட்டுவிட்டார்கள். இங்கேயும் பல்லை வைத்துத்தான் மாட்டின் வயசு சொல்கிறார்கள். பெரியவருக்கு ஆங்கிலம் வராது, பண்ணைக்காரருக்குத் தமிழ் வராது, மொழிபெயர்க்கப் போன எனக்குச் சுழியும் தெரியாது. "தம்பி, இது ஓங்கோல் வாட்டம்ல?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

அதைத்தான் நான் ஒரு பலகை முழுக்க எழுதிக் கொண்டுபோய் வைத்திருந்தேன், நின்று படித்தவர்கள் குறைவு. இங்கே மறுபடி எழுதுகிறேன். இந்தக் கடற்கரைச் சூட்டிலும் உண்ணியிலும் ஐரோப்பிய மாடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. உண்ணி பரப்பும் காய்ச்சல் அந்தக் காலத்தில் பெரிய கொள்ளைநோய். பியர்ஸ் என்ற மாட்டுக்காரர், ஷாங்காய் பியர்ஸ் என்றுதான் எல்லாருக்கும் தெரியும், இந்திய மாட்டை உண்ணி ஒன்றும் செய்வதில்லை என்று நம்பி அலைந்தார், கொண்டுவருவதற்குள் 1900இல் இறந்துபோனார். (உயிரோடு இருக்கும்போதே தனக்குச் சிலை செய்யச் சொல்லிவிட்டார். மட்டகோர்டா கவுண்டிக் கல்லறையில் இன்னும் நிற்கிறது, போய்ப் பாருங்கள், நம் ஊர்த் தலைவர்களுக்கு மூத்தவர்.) அவருடைய மருமகன் முறையான போர்டன் இந்தியாவுக்கே போய், 1906இல் முப்பது காளைகளும் மூன்று பசுக்களும் இந்த வார்ட்டன் கவுண்டிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தன. பிராமன் இனத்தில் கலந்த ரத்தம் ஓங்கோல், கிர், காங்கிரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு. அன்றைக்கு ஓங்கோல் சென்னை மாகாணம். 1924இல் வளர்ப்போர் சங்கம் வைத்து இனத்துக்குப் பெயரும் பதிவேடும் உண்டாக்கினார்கள். அதாவது நாம் வேலை விசாவில் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ காலம் முன்னால் இவை இங்கே குடியேறிவிட்டன. இதை நமக்குச் சொந்தமில்லாத ஊர் என்று ஒருவர் கூட்டத்தில் பேசினாரே, அவருக்காகவே பலகை எழுதினேன், அவர் வரவில்லை.

இப்போது கேட் விஷயம். இதை மறைக்க நான் விரும்பவில்லை. பண்ணை நாட்டில் சட்டப் புத்தகத்தை விடப் பெரிய விதி ஒன்று உண்டு: கேட் மூடியிருந்தால் திறந்து போய்விட்டு மூடு, திறந்திருந்தால் திறந்தே விடு. அழைப்பிதழில் எழுதியிருந்தேன், பலகையில் எழுதியிருந்தேன், வாயாலும் சொன்னேன். அவசரமாகக் கிளம்பிய ஒரு கார் பின்பக்கக் கேட்டை அகலத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டது. ஏழு கிடாரிகள் சாலைக்கு வந்துவிட்டன. யார் கார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை. முந்தின நாள் நாம் பொட்டலம் கட்டிக்கொடுத்த அதே தீயணைப்புப் படைப் பையன் ஒருவன் அந்த வழியாக வந்தவன், வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, தீவனச் சாக்கை எடுத்துக் குலுக்கிக்கொண்டே நடந்தான், ஏழும் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டன. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் உறைபனி எச்சரிக்கை வந்தது. 2021 பிப்ரவரியில் மின்சாரம் இல்லாமல் நடுங்கியவர்களுக்கு இது சாதாரணச் செய்தியல்ல. அடுத்த செவ்வாய்க்கிழமை இந்தக் கடற்கரையோரம் பனி கொட்டியதையும், ஹூஸ்டன் விமான நிலையங்களை மூடியதையும் நீங்களே பார்த்தீர்கள். பிராமன் மாடு வெயிலுக்குச் சளைக்காது, குளிருக்குச் சளைக்கும். தின்ற வைக்கோல் வயிற்றில் செரிக்கிற சூடுதான் அதற்குப் போர்வை, ஆகவே குளிருக்கு முந்தியே நிறைய வைக்க வேண்டும். இருந்த சிலர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினோம். உருண்டைக் கட்டுகளை டிராக்டர் இறக்க இறக்க வலையை அறுத்துப் பிரித்தோம், தண்ணீர்க் குழாய்களுக்குத் துணியும் நுரையும் சுற்றினோம், அப்படியே அந்தச் சாலையில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகள் இரண்டுக்கும் போய்ச் சுற்றிக்கொடுத்துவிட்டு வந்தோம். நெருப்பெறும்பு கடித்த வீக்கம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த இரண்டு வீடுகளிலிருந்தும் தீபாவளிக்கு வந்தார்கள், பார்த்தீர்களா? கொலாச்சி பன் ஒரு பெட்டி கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.

செலவு அதிகம் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மாடு இருக்கும் இடத்தில் விழா என்றதும் காப்பீட்டு நிறுவனம் ஒன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது உண்மை. பண்ணை விலங்கோடு இயல்பாக வரும் ஆபத்துக்குப் பொதுவாக உரிமையாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று டெக்சாஸ் சட்டமே சொல்கிறது, வாசலில் பலகையும் தொங்குகிறது, இருந்தாலும் நம் பக்கம் பாதுகாப்பு வேண்டும் என்று தலைவர் சொன்னார், கட்டினோம். நடமாடும் கழிப்பறை வாடகை, புரொப்பேன், கரும்பு. மண்டப வாடகை மிச்சம் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வரவு செலவை விரிவாகப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவு போன வருடத்தை ஒட்டி இருந்தது, செலவு அதைச் சற்றே தாண்டியது, வெள்ள நிவாரணம் தனிக் கணக்கு, கையிருப்பு பயப்படும்படி இல்லை, பெருமைப்படும்படியும் இல்லை. "இதர செலவுகள்" என்ற தலைப்பில் என்ன இருக்கிறது என்று கேட்க நினைப்பவர்கள் பற்றுச்சீட்டுக் கோப்பை என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், காபியும் உண்டு.

பற்றாக்குறைக்குக் காரணம் மாடு அல்ல, சந்தா. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐம்பது டாலர். ஹூஸ்டன் கச்சேரியில் ஒரு சீட்டு அதைவிட அதிகம். ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் இன்னும் கட்டவில்லை, அவற்றில் சில போன வருடத்ததும் கட்டவில்லை. நினைவூட்டல் போட்டால் கட்டைவிரல் வருகிறது, பணம் வருவதில்லை. "செக் எழுதி வைத்திருக்கிறேன், நேரில் தருகிறேன்" என்று சித்திரையில் சொன்னவர் தீபாவளியில் அதையே சொன்னார். கஷ்டம் என்றால் தனியாக என்னிடம் சொல்லுங்கள், கேள்வி கேட்காமல் தள்ளுபடி செய்ய செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது, இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆக யாருக்கும் கஷ்டம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

வருகிற பொங்கல். ஜனவரி 17, 18, சனி ஞாயிறு. பண்ணைக்காரர் கேட் விஷயத்துக்குப் பிறகும் வாருங்கள் என்கிறார். தீயணைப்புப் படை பீன்ஸ் கேட்கிறது. சாலையில் நம் பலகை இன்னும் நிற்கிறது. ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், போன பொங்கல் போல ஆறேழு பேர் தலையிலேயே எல்லாம் விழுவதாக இருந்தால் நான் பொறுப்பேற்கமாட்டேன். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளையும், சாவியையும், வெண்கலப் பானையையும் மகிழ்ச்சியாக ஒப்படைத்துவிடுவேன். முன்வராவிட்டால் சங்கத்தின் நலன் கருதி மறுபடி யோசிக்க வேண்டிவரும், என் வீட்டில் அதற்கு அனுமதி வாங்குவது என் பாடு. ஹூஸ்டன் போவதே வசதி என்று பெரும்பான்மை நினைத்தால் பொதுக்குழுவில் கை தூக்கிச் சொல்லிவிடுங்கள். அங்கே பெரிய சங்கங்கள் இருக்கின்றன, நல்ல மேடை, நல்ல ஒலிபெருக்கி. அப்புறம் இங்கே நமக்கு எதற்குத் தனிச் சங்கம் என்ற கேள்விக்கும் அன்றே பதில் எழுதிக்கொள்ளலாம். இப்போதைக்கு அடுப்புக்கு இரண்டு பேர், பீன்ஸுக்கு நான்கு பேர், கேட்டில் நிற்க மட்டும் ஒருவர் வேண்டும். கேட் வேலைக்கு நாற்காலி தரப்படும்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், தமிழ் வகுப்பு ஆசிரியைகள், மருத்துவ முகாம் நடத்தியவர்கள், தீயணைப்புப் படை, விரிவாக்க அலுவலர், பண்ணைக் குடும்பம், அந்தக் கிடாரியின் சின்ன எஜமானி, பல் பார்த்த பெரியவர், வேனில் வந்து குப்பை பொறுக்கியவர்கள் அனைவருக்கும் நன்றி. வராதவர்களுக்கும் நன்றி, சாப்பாடு மிச்சமானது.

இங்ஙனம்,
செயலாளர்

பின்குறிப்பு: பண்ணையில் ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கின் மூடியும், குழந்தையின் இடதுகால் பூட்ஸ் ஒன்றும் கிடந்தன. ஒரு வருடமாக என் கொட்டகையில் இருக்கின்றன. உரியவர்கள் பொதுக்குழுவன்று சந்தாவைக் கட்டிவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.